பின்வரிசைக்காரர்கள்

வாலிபத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு என்றால் எனக்கு மிக் ஜாகர் மட்டும்தான். அவர் குரல், அவர் ஆட்டம், அவ்வளவே. வயது ஏற ஏறப் பார்வை மெல்ல மேடையின் பின்பக்கம் நகர்ந்துவிட்டது. இப்போது அங்கேயே நிற்கிறது.

1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் முதல் கச்சேரி நடத்திய குழு இது. 2024இலும் அமெரிக்கா, கனடா என்று ஊர் ஊராகப் போய் வாசித்தது. ஜாகருக்கும் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது எண்பது வயது. 2019இல் இதய வால்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட ஜாகர், சில வாரங்களிலேயே மேடைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பிடிவாதம் பெரிதுதான். ஆனால் முன்னால் நிற்பவரின் பிடிவாதத்தால் மட்டும் ஒரு குழு அறுபது வருஷம் ஓடாது.

பின்னால் அமர்ந்து சார்லி வாட்ஸ் டிரம்ஸ் வாசித்ததைப் பழைய பதிவுகளில் கொஞ்சம் கவனியுங்கள். ஜாஸ் இசையில் ஊறியவர். வலது கை ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டைத் தட்டிக்கொண்டே வரும். இடது கை ஸ்னேர் டிரம்மில் விழுகிற அந்த நொடியில் மட்டும் வலது கை தட்டாமல் ஒதுங்கி நிற்கும். ஒரு அடி தெளிவாகக் கேட்க இன்னொரு கை வழிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் அவர் மறையும்வரை, ஆரவாரம் இல்லாமல் குழுவைத் தாங்கிய கை அது.

அவரையும்விட என் மனதில் தங்கியவர் இயான் ஸ்டூவர்ட். தொடக்கம் முதலே குழுவில் இருந்த பியானோக்காரர். 1963இல் மேலாளராக வந்த ஆண்ட்ரூ ஓல்டம், இவர் தோற்றம் எடுபடாது என்று சொல்லிக் குழுவின் படத்திலிருந்து நீக்கிவிட்டார். வேறொருவர் என்றால் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பார். ஸ்டூவர்ட் போகவில்லை. வேன் ஓட்டினார், பெட்டி சுமந்தார், ஒலிப்பதிவில் பியானோ வாசித்தார். அதற்காக அடங்கிப்போனவர் என்று நினைக்க வேண்டாம். மைனர் கார்டு என்கிற சுரக்கூட்டு அவருக்குப் பிடிக்காது. அது வருகிற இடத்தில் கட்டையிலிருந்து கையை எடுத்துவிடுவாராம்!

1985 டிசம்பரில் அவர் இறந்தார். ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் மனக்கசப்பு முற்றியிருந்த காலம் அது. குழு ஒன்றாகக் கச்சேரி செய்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்படியும், 1986 பிப்ரவரியில் லண்டன் 100 கிளப்பில் ஸ்டூவர்ட்டின் நினைவுக்காக எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள். 1989இல் ராக் இசையின் புகழ் மன்றத்தில் குழு சேர்க்கப்பட்டபோது அவர் பெயரும் இடம்பெற்றது.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் இப்படியொருவர் இருந்தார். எந்தக் கோப்பு எந்த பீரோவில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பாராட்டு விழா அழைப்பிதழ் எதிலும் அவர் பெயர் வந்ததில்லை.

உங்கள் இடத்திலும் ஒரு ஸ்டூவர்ட் இருப்பார். அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது, தயவுசெய்து அவர் பெயரையும் போடுங்கள்.