ஜூல்பாவுக்குப் போன இதயம்

1751 ஜனவரியில் சென்னையில் கண்மூடினார் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். வயது எழுபது. உடலை வேப்பேரியில் அடக்கம் செய்யுங்கள், இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து ஜூல்பாவுக்கு அனுப்புங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். அப்படியே கடல் கடந்து பாரசீகத்துக்குப் போனது அந்த இதயம்.

அவர் ஏங்கிய ஜூல்பாவே பிடுங்கி நட்ட ஊர்தான். அராஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜூல்பாவை 1604, 1605 ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலி செய்யவைத்தார். அங்கிருந்த ஆர்மீனியர்களைக் கொண்டுவந்து இஸ்பஹான் அருகே குடியேற்றினார். பட்டு வணிகத்துக்கு அவர்களுடைய திறமை அவருக்கு வேண்டியிருந்தது. முன்னோருக்குப் பழைய ஜூல்பா ஏக்கம். அவர்கள் வழியில் வந்த உஸ்கானுக்குப் புதிய ஜூல்பா ஏக்கம். இந்த ஏக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது போலிருக்கிறது.

மணிலாவில் தொழில் செய்த உஸ்கான், 1720களில் சென்னைக்கு வந்தார். ஸ்பானியர் ஆண்ட மணிலாவில் ஆங்கிலக் கப்பல்கள் நேராக நுழைய முடியாது. ஆர்மீனியர் பெயரில் போனால் துறைமுகம் திறக்கும். இங்கிருந்து துணி போகும், அங்கிருந்து மெக்சிகோ வெள்ளி வரும். அந்தப் போக்குவரத்தில் பெரும் செல்வரானார். நான் அவரை நினைப்பது அந்தச் செல்வத்துக்காக இல்லை, அதை எதில் போட்டார் என்பதற்காக.

பரங்கிமலைக்குப் போகிறவர்கள் அப்போது அடையாற்றை இறங்கித்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். 1726ல் சைதாப்பேட்டையில் தன் சொந்தக் காசு 30,000 வராகன் செலவழித்துப் பாலம் கட்டினார் உஸ்கான். பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகனும் வைத்துவிட்டுப் போனார். மலையேறுவதற்குப் படிகளும் அமைத்துக் கொடுத்தார். பாலம் கட்டிவிட்டு அதன் பிற்காலச் செலவையும் யோசித்த மனசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நான் சைதாப்பேட்டைக்காரன். எங்கள் ஆயா கடைசிவரை அதை மர்மலாங் பாலம் என்றுதான் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய பாலத்தில் நடந்திருக்கிறேன். 1966ல் அதன் இடத்தில் புதுப் பாலம் வந்தது. மறைமலையடிகள் பெயர் வைத்தார்கள், தகுதியான பெயர். ஊர் பெருத்து வண்டிகள் பெருகிய பிறகு பழைய பாலம் தாங்காது என்பதும் நியாயமே. இருந்தாலும் ஒரு கமானையாவது கரையோரம் விட்டுவைத்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

வேப்பேரியில் அவர் கட்டிய அற்புத மாதா சிற்றாலயத்தின் கதை இன்னும் வருத்தமானது. 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அப்போதும் அவர்கள் பக்கம் சாய மறுத்துவிட்டார். 1749ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியதும், பிரெஞ்சு அபிமானம் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கரையும் ஆர்மீனியரையும் கோட்டைக்குள்ளிருந்து வெளியேற்றினார்கள். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அவர் கட்டிய கோவிலுக்கு விலக்கு கிடைக்கவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸிடம் ஒப்படைத்தது. தமிழில் வேதாகமம் தந்து, 1779ல் தமிழ்–ஆங்கில அகராதியும் வெளியிட்ட அதே பப்ரிசியுஸ்தான். தமிழுக்கு அது நல்லதாக முடிந்தது. கட்டியவரின் நம்பிக்கைக்கு அது நியாயமாகாது. அந்த இடத்தில் இன்று தூய மத்தியா ஆலயம் நிற்கிறது. உஸ்கானின் கல்லறை அதன் வளாகத்தில் இருக்கிறது.

அவர் இனத்தாரின் இன்னொரு சுவடாக, அரண்மனைக்காரன் தெருவில் 1772ல் எழுந்த ஆர்மீனியக் கோவில் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794ல் சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் அங்கேதான் உறங்குகிறார். மணிகள் ஒலிக்கின்றன, பூசைக்கு வர ஊரில் ஆர்மீனியக் குடும்பங்கள்தாம் அநேகமாக இல்லை.

பாலத்தைப் பற்றி உஸ்கான் வைத்த கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் பேசுகிறது. தமிழில் ஒரு வரி இல்லை. அந்த ஆற்றைத் தினமும் கடக்கிறவர்கள் தமிழ் படிக்கிறவர்கள். மறைமலையடிகள் பாலத்தின் முனையில், இந்த இடத்தில் முதலில் பாலம் கட்டியவர் இவர் என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். மாநகராட்சி வைக்கட்டும், இல்லாவிட்டால் சைதாப்பேட்டை மக்கள் நாமே கேட்டு வாங்குவோம்.