முதலில் கவாத்து, பிறகு கடப்பாரை

வீடு மாறும்போது ரோஜாச் செடியையும் கொண்டுபோக நினைப்பவர்கள் கவலைப்படுவதெல்லாம் புது இடத்தைப் பற்றித்தான். குழி எவ்வளவு ஆழம், என்ன உரம், வெயில் எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். ஆனால் செடி தழைக்குமா, காய்ந்துபோகுமா என்பது பெரும்பாலும் பழைய தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. தண்ணீரை உறிஞ்சுவது தூரோடு ஒட்டிய பருத்த வேர்கள் அல்ல. நுனியில் இருக்கும் மெல்லிய சல்லிவேர்களும் அவற்றின் தூவிகளும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. எத்தனை பக்குவமாகத் தோண்டினாலும் இவற்றில் பெரும்பகுதி பழைய மண்ணிலேயே தங்கிவிடும். மேலே இருக்கும் இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு அற்றுப்போய்ச் செலவு மட்டும் நடக்கிற இந்த நிலையை உரத்தால் சரிக்கட்ட முடியாது. இலையைக் குறைத்தால்தான் முடியும். அதனால் கவாத்துக் கத்தரியை எடுத்த பிறகே கடப்பாரையைத் தொட வேண்டும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. இலைதானே உணவு தயாரிக்கிறது, புது வேர் விடச் சொல்லும் சேதியும் தளிர் மொட்டுகளிலிருந்துதானே இறங்குகிறது, அவற்றையே வெட்டிவிட்டால் வேர் எப்படி வரும் என்று கேட்பார்கள். மரக்கன்றுகளை நடும்போது கிளைகளை அதிகம் வெட்டாதீர்கள் என்று சொல்லப்படுவதும் இதனால்தான். மரத்துக்கு அது சரி. ஆனால் ரோஜா ஆண்டுதோறும் வெட்டுப்பட்டுத் துளிர்த்துப் பழகிய புதர். தண்டிலும் பெருவேரிலும் சேமிப்பு வைத்திருக்கிறது. நம் சமவெளி வெயிலில் இலை வாடிச் சுருண்டுவிட்டால் அது உணவும் தயாரிக்காது. அதற்காக மொட்டையடிக்கச் சொல்லவில்லை. காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி, பூ, மொட்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் போதும். எடுக்கும்போது மண்கட்டி உடைந்து வேர் அம்மணமாக வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். வேர் எவ்வளவு போனதோ அதைப் பார்த்தே கிளையை வெட்டுவது.

அவகாசம் இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். செடியைச் சுற்றி ஓர் அடி தள்ளி, ஒரு பக்கம் மட்டும் மண்வெட்டியை நேராக இறக்கி வேரை அறுத்துவிட வேண்டும். சில வாரம் கழித்து மறுபக்கம். அறுபட்ட இடத்துக்குள்ளேயே புது சல்லிவேர் பிடிக்கும், தோண்டும்போது அதுவும் மண்கட்டியோடு வந்துவிடும். குளிர்நாட்டு நூல்கள் செடி இலையுதிர்த்து உறங்கும்போது எடுக்கச் சொல்கின்றன. நம் சமவெளியில் ரோஜா அப்படி உறங்குவதே இல்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கவாத்துக் காலமே நமக்கு வாய்த்த பருவம். உறைபனி விழும் ஊட்டி போன்ற இடங்களில் இளந்தளிர் கருகிவிடும் என்பதால் பனி கழியக் காத்திருக்க வேண்டும்.

நடுவதில் தவறு நேருவது பெரும்பாலும் தாராள மனத்தால்தான். ஒன்றரை அடிக் குழியில் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போதும். களிமண் தரையில் குழியை மட்டும் பொலபொலவென்று நிரப்பினால் அது தொட்டியாகித் தண்ணீர் தேங்கும். அங்கே மேட்டுப்பாத்தி போட்டு நட வேண்டும். முன்பு ரோஜா நின்ற குழியிலேயே நட்டால் பல நேரம் செடி தேறாது. வேறு இடம் பாருங்கள், முடியாவிட்டால் மண்ணை மாற்றுங்கள். ஒட்டுப்போட்ட முண்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். வேர் காயம்பட்டதால் அதற்குக் கீழிருந்து வேர்ச்செடியின் போத்து கிளம்பக்கூடும். பார்க்கச் செழிப்பாக இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. மேலோடு வெட்டினால் மீண்டும் பல கிளைத்து வரும். மண்ணை விலக்கிப் புறப்பட்ட இடத்திலேயே கிழித்தெடுக்க வேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். புதுத்தளிர் நிலைக்கும்வரை ரசாயன உரம் கூடாது, முதல் மொட்டுகளையும் கிள்ளிவிட வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, நர்சரியில் புதுச் செடி வாங்கிக்கொள்ளலாமே என்றால், பல செடிகளுக்கு அதுவே சரியான பதில். பன்னீர் ரோஜாவுக்கு இந்தச் சிரமமே வேண்டாம். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். தூர் பருத்துப் பொந்து விழுந்த கிழட்டுச் செடியைப் பெயர்ப்பதும் வீண்வேலை. பெயர் தெரியாத, இப்போது எங்கும் கிடைக்காத ஒட்டுச்செடி உங்களிடம் இருந்தால் மட்டும் தோண்டுங்கள். அதிலும் நாலு குச்சியை முன்கூட்டியே தொட்டியில் ஊன்றிவைத்துவிட்டுத் தோண்டுங்கள்.