எடுக்காத ஏணி

எருசலேமில் யார் எந்த ஊர் என்று கேட்டாலும் பெரியம்மா "நாசரேத்" என்பாள். கேட்டவர் முகம் மலரும். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பெரியம்மா பத்தடி முன்னால் போயிருப்பாள்.

2019 பிப்ரவரி. விடிகாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பழைய நகரின் ஈரக் கல் சந்துகளில் இறங்கித் திருக்கல்லறை ஆலயத்தின் முற்றத்தில் போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. சற்று நேரத்தில் கதவிலேயே ஒரு சின்னத் துவாரம் திறந்து, உள்ளேயிருந்து மர ஏணி ஒன்று வெளியே நீண்டது. வெளியே காத்திருந்தவர் அதை வாங்கிச் சாத்தி, ஏறி, மேல் பூட்டைத் திறந்தார். அவர் முஸ்லிம். சாவியை வைத்திருப்பது ஜூடே குடும்பம், கதவைத் திறப்பது நுசைபே குடும்பம். பல நூற்றாண்டு வழக்கம்.

"கிறிஸ்தவங்க கோயில் சாவி அவங்ககிட்டயா?" என்றாள் பெரியம்மா.

உள்ளே இருக்கிறவர்கள் ஆறு சபையார்: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க பிரான்சிஸ்கன், அர்மீனியர், காப்டிக், எத்தியோப்பியர், சிரியாக். எந்தத் தூண் யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பது வரை பங்கு பிரித்திருக்கிறது. 1852இல் துருக்கி சுல்தான், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று போட்ட கட்டளைதான் இன்றும் சட்டம். ஒருவர் ஆணி அடித்தால் மற்றவர் கேட்பார். 2008இல் கிரேக்கத் துறவிகளும் அர்மீனியத் துறவிகளும் கைகலந்து, போலீஸ் வந்து விலக்கியது.

இவர்கள் நடுவே இருக்கிறது இயேசுவின் கல்லறையை மூடிய சிறு மண்டபம். 1808இல் தீப்பிடித்த பிறகு கிரேக்கச் சிற்பி கொம்னெனோஸ் கட்டியது. 1927 பூகம்பத்துக்குப் பிறகு கவலைக்கிடம். யார் செப்பனிடுவது என்று முடிவாகவில்லை. செப்பனிட்டவர் நாளைக்கு உரிமை கேட்பாரே! 1947இல் ஆங்கிலேய அரசு சுற்றிலும் இரும்பு உத்திரங்களை நிறுத்தி முட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலான சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதைப் பெரியம்மா சிறுமியாக இருந்தபோது வீட்டில் பேசக் கேட்டவள். இங்கே இரும்பு முட்டு எழுபது வருஷம் அப்படியே நின்றது.

2015இல் ஆபத்து என்று போலீஸ் அந்த மண்டபத்தைச் சில மணி நேரம் மூடிவிட்டது. அந்தப் பூட்டுதான் எல்லோரையும் எழுப்பியது என்பது என் கணக்கு. மறு வருஷம் கிரேக்கரும் பிரான்சிஸ்கன்களும் அர்மீனியரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டார்கள். செலவில் மூவருக்கும் பங்கு. ஜோர்டான் மன்னரும் பணம் கொடுத்தார். ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்தோனியா மொரோபூலூ தலைமையில் ஆட்கள் வந்தார்கள். பளிங்குப் பலகைகளைக் கழற்றி, பொடிந்த சாந்தைச் சுரண்டி, உள்ளே புதுச் சாந்தை ஏற்றி, டைட்டானியம் கம்பிகளால் கட்டினார்கள். 2016 அக்டோபரில் அறுபது மணி நேரம் மட்டும் கல்லறையின் பளிங்கு மூடியை விலக்கினார்கள். பல நூற்றாண்டுகளாகத் திறக்காதது. 2017 மார்ச் 22 அன்று, இரும்பு முட்டு இல்லாமல், மண்டபம் திறந்தது. பரிசுத்த ஆவியைப் பற்றி மூவரும் இன்னும் ஒரே கருத்துக்கு வந்தபாடில்லை. சாந்து எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதில் வந்துவிட்டார்கள்.

குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். தலைக்கு மேல் நாற்பத்து மூன்று விளக்குகள்: மூவருக்கும் பதின்மூன்று பதின்மூன்று, காப்டிக் சபைக்கு நான்கு. எண்ணெய் வாசமும் மெழுகு வாசமும். பழுதுபார்த்தபோது பளிங்குச் சுவரில் ஒரு சதுரம் வெட்டி விட்டிருக்கிறார்கள். அதன் வழியே பழைய பாறை தெரிகிறது. பளபளப்பு எதுவும் இல்லாத, நம்மூர்க் கிணற்றுச் சுவர் போன்ற சொரசொரப்பு. பெரியம்மா பளிங்கை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே நின்ற துறவி இரண்டு தடவை கையைத் தட்டினார்.

பின்பக்கம் சிரியாக் சபையின் சிற்றாலயம். சுவரெல்லாம் கரி. இடம் யாருடையது என்று அவர்களுக்கும் அர்மீனியருக்கும் வழக்கு தீராததால் பூச்சு வேலைக்கு ஆளில்லை. அங்கிருந்து வரும்போது தூக்கி நின்ற ஒரு தரைக்கல்லில் பெரியம்மா தடுக்கினாள். அந்தத் தரைக்கும் விடிவு வந்தது: 2022 மார்ச்சில் அதே மூன்று சபையாரும் சேர்ந்து கற்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். ரோம் சபியென்சா பல்கலைக்கழகத்தார் கீழே தோண்டிப் பார்த்தார்கள். செய்தியை வாசித்துக் காட்டினேன். "எங்கால் இடிச்ச கல்லையும் எடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

அன்று வெளியே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. வாசலுக்கு மேலே, ஜன்னலடி விளிம்பில் இன்னொரு ஏணி சும்மா சாய்ந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது என்றும், ஆறு பேரும் சம்மதிக்காமல் யாரும் அதைத் தொட முடியாது என்றும் சொன்னேன்.

பெரியம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏல, நம்மூரா இருந்தா எவனாவது ராத்திரியோட ராத்திரியா வெறகுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பான்."