மாணவர் பெயரில் நான் எழுதியவை

ஓவியமும் சிற்பமும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கலை வரலாறு நடத்தியவன் நான். இறுதியாண்டில் ஒவ்வொருவரும் தம் படைப்பைப் பற்றி ஒரு குறிப்பும், தாம் நேரில் பார்த்த ஒரு கலைப்பொருளைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதித் தரவேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவன் நான்தான். திருத்துகிறேன் என்று சொல்லி அவர்கள் எழுதியதை அடித்துவிட்டு என் வாக்கியங்களை வைத்தேன். ஏதோ அவசரத்தில் ஓரிரு முறை நடந்த காரியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என் பணிக்காலம் முழுவதும் அப்படித்தான் போனது. கல்லூரியின் பெயரை இங்கே சொல்லவில்லை. குற்றம் என்னுடையது.

அந்தப் பிள்ளைகள் கல்லல், சாக்கோட்டை, சிங்கம்புணரி, தேவகோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். கரித்துண்டைக் கையில் கொடுத்தால் தயங்காத கை, பேனாவைக் கொடுத்தால் நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் இவர்களை மட்டமாக நினைத்துவிடுவாரோ, மதிப்பெண் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயம் உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. கண்காட்சி மலரில் என் நடை அச்சாகி வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. யார் பெயரில் வந்தாலும் அது என் தமிழ் என்று எனக்குத் தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆத்தங்குடியிலிருந்து ஒரு மாணவி வந்தாள். தகப்பனார் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் பூக்கல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அப்பா வேலை செய்யும்போது பூவைப் பார்க்க முடியாது என்று தொடங்கியிருந்தாள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தை ஊற்றுவார்; அச்சைத் தூக்குவார்; அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு, பிறகு ஈரக் கலவையை வைத்து மட்டப்படுத்தி மூடிவிடுவார். பூவின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கீழே கிடக்கும். தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடி விலகிய பிறகுதான் பூ எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. அச்சைத் தூக்கும் நேரத்தில் கை லேசாக அசைந்தாலும் கோடு நெளிந்துவிடும். அந்த நெளிவை வைத்து, ஒரு கல்யாண வீட்டுத் தரையில் தன் அப்பா போட்ட கற்களை அவளால் அடையாளம் காண முடிந்தது என்று முடித்திருந்தாள்.

அதை நான் முழுவதும் அடித்தேன். "இது செய்முறை, கட்டுரை இல்லையம்மா" என்றேன். அந்த இடத்தில் செட்டிநாட்டு மாளிகைகளின் எழிலையும் தமிழரின் கலைமாண்பையும் பற்றிப் பெரிய வாக்கியங்களை எழுதினேன். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் வரிசையாக அடுக்கினேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செய்தியையும் சேர்த்தேன். எல்லாம் சரியான தகவல்கள்தான். எதுவும் அவள் கண்ணில் பட்டு வந்ததில்லை. படித்துப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு சார்" என்றாள். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் தானாக எதையும் எழுதிக்கொண்டு என்னிடம் வரவில்லை.

நான் அடித்த அந்த இரண்டு பக்கம்தான் கலை விமர்சனம். செய்கிறவன் தன் வேலையின் முகத்தைப் பார்க்காமலே செய்கிறான், ஆனாலும் அவன் கை அதில் பதிந்துவிடுகிறது, பார்க்கத் தெரிந்தவர் அதைப் பின்னால் கண்டுபிடிக்கலாம் என்ற மூன்று செய்திகளை அவள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். நான் படித்த ஆங்கில நூல்களில் படைப்பாளியின் கைத்தடத்தைப் பற்றி எத்தனையோ அத்தியாயங்கள் உண்டு. அவற்றை வகுப்பில் மணிக்கணக்கில் பேசியவன், அதே விஷயம் ஒரு மாணவியின் நோட்டில் வந்தபோது இனம் காணவில்லை.

கானாடுகாத்தானுக்கு மாணவர்களைக் கூட்டிப் போவேன். அங்கே ஒரு வீட்டு முகப்பில் சுதைச் சிற்பங்கள்: நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒரு பையன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், சிப்பாய்ங்க காலில பூட்ஸ் இருக்கு, லட்சுமி காலு வெறுங்காலா இருக்கு. ரெண்டும் ஒரே வாசல்ல எப்படி சார்?" அந்தக் கேள்வியை அவனிடமே விட்டிருக்க வேண்டும். நான் உடனே செட்டிநாட்டு நகரத்தார் வணிகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பர்மா, இலங்கை, மலேயா, கடல்கடந்து செய்த தொழில், 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். பையன் தலையைக் குனிந்து நான் சொன்னதைக் குறிப்பெடுத்தான். அதன்பின் மேலே பார்க்கவில்லை. காவலுக்கு நிற்பவன் பூட்ஸோடு நிற்கிறான், காக்கப்படுபவள் வெறுங்காலோடு இருக்கிறாள் என்பதிலிருந்து அவன் எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நானே அடைத்துவிட்டேன்.

ஹார்வர்டில் கலை வரலாறு நடத்தும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வதைப் பின்னாளில் படித்தேன். ஜான் சிங்கிள்டன் காப்லி 1765இல் வரைந்த, அணில் வைத்திருக்கும் சிறுவனின் ஓவியத்தை அவர் உதாரணம் காட்டுகிறார். சிறுவனின் காதின் வடிவமும் அணிலின் வயிற்றோரத்து முடியின் வடிவமும் ஒன்றுபோல இருப்பதைக் கவனிக்க அவருக்கே ஒன்பது நிமிடம் பிடித்ததாம். தேர்ந்த கண்ணுக்கு ஒன்பது நிமிடம் ஆனதென்றால், என் மாணவர்களுக்கு நான் எவ்வளவு நேரம் கொடுத்தேன்? அபிகெய்ல் ஹவுஸன், ஃபிலிப் யெனவைன் என்ற இருவர் வகுப்பறைக்கென்று மூன்று கேள்விகளை வகுத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நடுவில் உள்ள கேள்வியை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. மாணவன் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதே என் வேலை என்று இருந்துவிட்டேன்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்த வை. கணபதி ஸ்தபதி காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. உளி பிடித்த அதே கையால் ‘சிற்பச் செந்நூல்’ எழுதினார், பட்டறைச் சொற்களை வைத்தே எழுதினார். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் 1961இல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழைத் தொடங்கினார்கள்; ஓவியர்களின் எழுத்துக்கு அதில் இடமிருந்தது. இந்த இரண்டையும் வகுப்பில் தேர்வுக்கான குறிப்பாகச் சொல்லி எழுதவைத்தேன். செய்கிறவன் எழுதலாம், எழுத வேண்டும் என்று அந்த இரண்டும் சொல்வதை எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளோடு பொருத்திப் பார்க்கவில்லை.

இன்னொரு குற்றமும் உண்டு. திருத்தி முடித்ததும் அவர்களுடைய கைப்படிகளைக் கிழித்துப் போட்டேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை, சினிமாப் பாட்டுப் புத்தகம் வரை தேடித் தேடிச் சேர்த்தார். அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் 1994இல் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. யாரோ வேண்டாமென்று எறிந்த தாளையும் அவர் மதித்தார். நான் என் மாணவர்களின் தாளை மதிக்கவில்லை. ஆத்தங்குடி மாணவியின் அந்த இரண்டு பக்கம் இன்று எங்கும் இல்லை. மேலே எழுதியிருப்பது என் நினைவில் தங்கியது மட்டும். அவளுடைய வாக்கியங்கள் இதைவிட நன்றாக இருந்தன.

கலை மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவரின் முதல் கைப்படியில் உங்கள் பேனாவை வைக்காதீர்கள். எழுத வராத பிள்ளையைப் பொருளின் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே, பேச்சு வழக்கிலேயே, இன்னொரு மாணவர் எழுதிக்கொள்ளட்டும். பிறகு எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேளுங்கள். எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் படித்தவர்களுக்கு: கண்காட்சி மலர்களில் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும் பத்திகள் நான் எழுதியவை. அவற்றை உங்களுடையவை என்று யாருக்கும் காட்டவேண்டாம். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். முடியாவிட்டாலும், நான் அடித்துப்போட்டதை நினைவிலிருந்து எடுத்து மறுபடி எழுதுங்கள்; இந்தமுறை என்னிடம் காட்டவேண்டாம், நேரே அச்சுக்கு அனுப்புங்கள்.