நான் செத்தாதான் உனக்கு வரும்!

திருச்செங்கோட்டுப் பக்கம் போர் வண்டி என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று மாதக்கணக்கில் சுற்றி ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள். அப்படி ஒரு வண்டியில் வேலைக்குப் போயிருந்த அப்பா ஒருவர், 1998 கோடை லீவில் ஊர் திரும்பும்போது தன் இரண்டு பையன்களுக்கும் ஒரு டிவி கேம் வாங்கி வந்தார்.

டிவி கேம் என்றால் இந்தக் காலத்துப் பசங்களுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். நிண்டெண்டோ கம்பெனி 1983ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்று ஒரு பெட்டியை விட்டது. அதைக் காப்பியடித்துச் செய்த பெட்டிகள், ஆளுக்கொரு பேர் ஒட்டிக்கொண்டு பர்மா பஜாரிலிருந்து நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர் வரை வந்து குவிந்தன. டிவிக்குப் பின்னால் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகி, புள்ளி புள்ளியாக இரைகிற சேனலைத் திருகித் திருகி ட்யூன் செய்தால் படம் வரும். கேசட் ஓடவில்லையா? கழற்றி ஊதி மறுபடி மாட்ட வேண்டும். (ஊதுவதால் எச்சில் பட்டு உள்ளே துரு ஏறுமே தவிர ஒரு பிரயோஜனமும் இல்லையாம். இருந்தாலும் ஊதாதவர் யார்?)

பெட்டியோடு '9999 இன் 1' என்று ஒரு கேசட் இலவசம். உள்ளே இருந்தது ஏதோ பத்திருபது ஆட்டம்தான். மீதி எல்லாம் அதே ஆட்டம், வேறு பேர், வேறு கட்டத்தில் ஆரம்பம். அந்தப் பசங்கள் 9999 வரை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்து முன்னூற்றுச் சொச்சத்தில் கைவிட்டார்கள்.

ஆனால் தம்பிக்கு ஆசை வேறொன்றின் மேல். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அத்தை வீடு. அங்கே போனபோது ஒரு வீடியோ கேம்ஸ் கடையில் நின்றுகொண்டே ஆடுகிற பெரிய பெட்டியில் அண்ணனும் தம்பியுமாக 'டபுள் டிராகன்' ஆடியிருந்தார்கள். டெக்னோஸ் ஜப்பான் கம்பெனி 1987ல் செய்த ஆட்டம். பில்லி, ஜிம்மி என்று இரட்டைச் சகோதரர்கள். ரவுடிக் கும்பல் கடத்திய பெண்ணை மீட்க இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்புவார்கள், சேர்ந்தே உதைப்பார்கள். கதை என்னமோ எம்ஜிஆர் காலத்துக் கதை. ஆனால் அண்ணன் ஒருத்தனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, தம்பி முன்னாலிருந்து குத்துவிடலாம். அதுதான் அந்த ஆட்டமே.

தீபாவளிக் காசு, அத்தை கொடுத்த காசு எல்லாம் சேர்த்து சேலத்தில் அந்தக் கேசட்டை வாங்கினார்கள். கடைக்காரரிடம் அண்ணன் விவரமாகத்தான் கேட்டான்.

"ரெண்டு பேர் ஆடலாமுங்களா?"

"ஆடலாம் தம்பி. டூ ப்ளேயர்னு போட்டிருக்குது பாரு."

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. திரையிலும் இரண்டு பேர் என்றுதான் வந்தது. ஆட்டம் தொடங்கியதும் பில்லி மட்டும் நின்றான்.

"அண்ணா, நான் எங்கண்ணா?"

"இருடா... நான் செத்தாதான் உனக்கு வரும்."

இரண்டு பேர் ஆடலாம், ஆனால் முறை வைத்து! ஒருத்தன் செத்த பிறகு இன்னொருத்தன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரையில் நிற்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தனியாக ஒரு சண்டைப் பிரிவு. அதில் இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொள்ளலாம். சேர்ந்து நிற்க இடமில்லை, அடித்துக்கொள்ள இடமுண்டு. பங்காளிச் சண்டை பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இதைவிடக் கொடுமை கடைசிக் கட்டத்தில் இருந்தது. பல நாள் ராத்திரி முட்டி மோதி அண்ணன் அதுவரை போனான். பெரிய வில்லனைச் சாய்த்த பிறகு, கும்பலின் உண்மையான தலைவன் என்று வந்து நின்றது யார் தெரியுமா? ஜிம்மி! கூட வரவேண்டிய தம்பியைப் போடாமல் விட்டவர்கள், அவனை என்ன செய்வது என்று யோசித்து வில்லனாக்கிவிட்டார்கள். "ஜிம்மி நான்" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு எந்திரத்துக்காகச் செய்த ஆட்டத்தை இன்னொரு எந்திரத்துக்கு மாற்றுவதற்கு 'போர்ட்' செய்வது என்று பேர். (போர் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நாமக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லாரிக் கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸ்தான் வரும். பாடி கட்டுவது நம் பட்டறை. ஒரு சேசிஸுக்கு அளவெடுத்துக் கட்டிய பாடியை இன்னொன்றின் மேல் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? சக்கரம் இடிக்கும், டீசல் டேங்க் மூடி திறக்காது. நல்ல பட்டறைக்காரர் புது சேசிஸைச் சுற்றி வந்து மறுபடி அளவெடுப்பார். எதைக் குறைத்தாலும் லோடு ஏற்றுகிற இடத்தைக் குறைக்கமாட்டார்.

டபுள் டிராகனில் குறைத்தது லோடு ஏற்றுகிற இடத்தை.

ஃபேமிகாம் சின்ன வண்டிதான், மறுப்பதற்கில்லை. வேலை செய்கிற நினைவகம் வெறும் 2 கேபி. நகரும் உருவங்களை எட்டுப் புள்ளி அகலத் துண்டுகளாகத்தான் வரையும். அதில் ஒரே கிடைவரிசையில் எட்டுத் துண்டுக்கு மேல் காட்டாது, மிஞ்சியது மறைந்துவிடும். ஒரு ஆளின் அகலத்துக்கே குறைந்தது இரண்டு துண்டு வேண்டும். அதனால்தான் அந்தக் கேசட்டில் ஒரு நேரத்தில் இரண்டு ரவுடிக்கு மேல் வரமாட்டார்கள். சரி, எந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாமா? முடியாது. அடுத்த வருடமே, 1989ல், அதே கம்பெனி அதே எந்திரத்துக்கு டபுள் டிராகன் 2 செய்தது. அதில் பில்லியும் ஜிம்மியும் ஜம்மென்று சேர்ந்து வருகிறார்கள். அதே 1988ல் சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் என்ற இன்னொரு எட்டு பிட் பெட்டிக்கு வந்த முதல் பாகத்திலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. கான்ட்ரா. தமிழ்நாட்டில் டிவி கேம் இருந்த வீட்டில் கான்ட்ரா இல்லாமல் இருந்திருக்காது. அதுவும் கொனாமி 1987ல் கடைப் பெட்டிக்குச் செய்து, 1988ல் ஃபேமிகாமுக்கு மாற்றிய ஆட்டம்தான். கடைப் பெட்டியில் திரை உயரவாக்கில் இருக்கும், வீட்டு டிவி படுக்கைவாக்கில். கொனாமிக்காரர்கள் படத்தை நசுக்கித் திணிக்காமல் கட்டங்களையே மறுபடி வரைந்தார்கள். படத்தின் பளபளப்பு குறைந்தது, ஆள் கூடவே வந்தான். மூலத்தைவிட இந்தப் போர்ட்தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. (முப்பது உயிர் கொடுக்கிற மேல்-மேல்-கீழ்-கீழ் மந்திரமும் ஒரு போர்ட்டில் பிறந்ததுதான். கஜுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் கிரேடியஸ் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றினார். அது 1986ல் வந்தது. சரிபார்க்க ஆடும்போது தன்னால் தாக்குப்பிடிக்க முடியாமல் அவர் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது!)

சொதப்பல் போர்ட்டுகளின் தாத்தா என்றால் அட்டாரி 2600ன் பேக்மேன். 1982ல் வந்தது. அந்த எந்திரம் 1977ல் செய்தது, நினைவகம் மொத்தமே 128 பைட். கேபி இல்லை, பைட்! இந்தப் பத்தியில் பாதியைக்கூட அதில் வைக்க முடியாது. அது முழுசாக வரையக்கூடிய உருவம் இரண்டே இரண்டு. பேக்மேனுக்கு ஒன்று போனால், நான்கு பேய்களுக்கும் சேர்த்து மிச்சம் ஒன்று. டாட் ஃப்ரை என்ற புரோகிராமர் பேய்களை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகக் காட்டினார். வோல்டேஜ் குறைந்த வீட்டு ட்யூப்லைட் மாதிரி எல்லாப் பேயும் விட்டு விட்டு எரிந்தது. கறுப்புத் திரை நீலமாகிவிட்டது. 70 லட்சத்துக்கு மேல் விற்றும் மிஞ்சிக் கிடந்தது, வாங்கியவர்களும் கடுப்பானார்கள். இங்கேயும் எந்திரத்தை மட்டும் திட்ட முடியாது. அடுத்து அதே அட்டாரிக்கு வந்த மிஸ் பேக்மேன் எவ்வளவோ மேல். முதலாவதற்குக் கொடுத்த கேசட்டின் கொள்ளளவு 4 கேபி, இதற்கு 8 கேபி.

நம் ஊர்க் கேசட்டுகளில் பாதிக்கு அப்பன் பேரே கிடையாது என்பது இன்னொரு விஷயம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ கேப்காம் ஃபேமிகாமுக்குச் செய்ததே இல்லை. கடையில் கிடைத்ததெல்லாம் அனுமதி வாங்காமல் யாரோ செய்தது. மூலத்தில் ஆறு பட்டன், நம் ஜாய்ஸ்டிக்கில் இரண்டு. மீதி நான்கு அடி எங்கே போச்சு என்று யாரிடம் கேட்பது? தைவானின் ஹம்மர் டீம் 1994ல் சோனிக் ஆட்டத்தைக் கொண்டுவந்து, சோனிக்குக்குப் பதில் மரியோவை ஓடவிட்டு 'சோமாரி' என்று பேர் வைத்தது. திருட்டுதான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, பதினாறு பிட் ஆட்டத்தை எட்டு பிட் பெட்டியில் அந்த அளவுக்கு ஓட்டிக் காட்டியது சாமர்த்தியம். மூலத்தின் அந்த உருண்டோடுகிற வேகம் மட்டும் வரவில்லை.

முஸ்தபா கேசட் கேட்டு அலைந்தவர்களும் உண்டு. கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்கிற பேரை இங்கே யாரும் சொன்னதில்லை. மஞ்சள் தொப்பி முஸ்தபாதான் ஆட்டத்தின் பேரே. 1993ல் வந்த அதைக் கேப்காம் எந்த வீட்டுப் பெட்டிக்கும் மாற்றவில்லை. கெட்டுப்போகாமல் தப்பித்தது என்றும் சொல்லலாம்.

பிறகு பிரவுசிங் சென்டர் காலம் வந்தது. அண்ணன் பாலிடெக்னிக், தம்பி பத்தாவது. மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி வைஸ் சிட்டி. 2002ல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்து, 2003ல் கம்ப்யூட்டருக்கு மாறியது. அதில் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டிப்போய்க் கட்டடத்துக்குள் நான்கு குண்டு வைக்கிற மிஷன் ஞாபகம் இருக்கிறதா? சேலத்தில் எத்தனை பேர் அதோடு வைஸ் சிட்டியையே விட்டிருப்பார்கள்! பிளேஸ்டேஷனில் சாய்க்கிற குச்சி உண்டு, கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம் சாயும். கம்ப்யூட்டரில் அதை வலது ஓரத்து எண் பட்டன்களில் கொண்டுபோய் வைத்தார்கள். பட்டனுக்குக் கொஞ்சம் என்பது தெரியாது. ஒன்று முழுச் சாய்வு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. எல்லா சென்டரிலும் இந்த மிஷனை முடித்துக் கொடுக்கவென்று ஒரு அண்ணன் இருப்பார். இவர்கள் சென்டரில் அது இந்த அண்ணன்தான். தம்பிக்கு அதில் ஒரே பெருமை.

எந்திரம் பெரிதானால் இந்தப் பிரச்சினை தீரும் என்றால் அதுவும் இல்லை. 2021 நவம்பரில் ராக்ஸ்டார் பழைய ஜிடிஏ மூன்றையும் புதுப்பித்து விட்டது. மொபைலுக்கு மாற்றிக் கொடுத்த குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ்தான் இதையும் செய்தது. 2004 எந்திரத்தைப் போலப் பல மடங்கு சக்தி உள்ள எந்திரங்கள். மழை வெள்ளைக் கோடு கோடாகக் கண்ணை மறைத்தது. பழைய எந்திரத்தின் இயலாமையை மறைக்கப் போட்டிருந்த மூடுபனியை எடுத்துவிட்டதால், விமானத்தில் ஏறினால் அவ்வளவு பெரிய சான் ஆண்ட்ரியாஸ் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை. ஒரு வாரத்தில் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கிற தம்பி அதை வாங்கி, லீவில் ஊருக்குக் கொண்டுவந்து அண்ணனுக்குக் காட்டினான். அண்ணன் இப்போது நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறையில் இருக்கிறார். டஃப் நட் என்று ஒரு டோனட் கடை, பலகையில் பெரிய நட்டு. பழைய ஆட்டத்தில் அது ஆறு பட்டை நட்டு. புதுசில் மூலையெல்லாம் மழுங்கி வட்டமாகிவிட்டது. பார்த்த உடனே கேட்டார்:

"ஏண்டா, நட்டு உருண்டையா இருந்தா ஸ்பானர் எங்கடா புடிக்கும்?"

செய்தவர்களில் ஒருவராவது ஒருமுறை லாரிப் பட்டறைக்குப் போயிருக்கலாம் :-) பின்னால் வந்த அப்டேட்டில் நட்டைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் திருப்பிக் கொண்டுவர 2024 நவம்பர் ஆனது.

அதே லீவில்தான் தம்பி இன்னொன்றும் செய்தான். பழைய கடைப் பெட்டி ஆட்டங்களை மாற்றாமல் அப்படியே ஓட்டித் தருகிற ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில் டபுள் டிராகன் இருக்கிறது. அதை இறக்கி, இரண்டாவது கன்ட்ரோலரை அண்ணன் கையில் கொடுத்தான். அண்ணன் பில்லி, தம்பி ஜிம்மி. சாப்பாட்டுக்கு அம்மா மூன்று தடவை கூப்பிட்டார். இரண்டு பேரும் உயிரோடு கடைசிவரை போய், வில்லனையும் முடித்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் அவ்வளவு தூரம் போகக் காசு இருந்ததில்லை, அதனால் அடுத்து வருவது இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் பெண் யாருக்கு என்று முடிவு செய்ய அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆட்டம் நிற்கிறது. மூலத்திலேயே அப்படித்தான்!

தம்பி ஜெயித்தான். அண்ணன் விட்டுக்கொடுத்தாரா, நிஜமாகவே தோற்றாரா என்பதில் வீட்டில் இன்னும் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.