கூடைக்குள் ஒரு பிரயாணி

"விடுமுறைக்கு எண்ணூருக்குப் போகிறேன்" என்று நான் சொன்னதும் எங்கள் காரியாலயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "ஏன் ஸார், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இடமில்லையென்று சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டார் புரூப் பார்க்கும் நண்பர். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பாரா? யோசனையே அவருடையதுதானே!

"வெள்ளைக்காரன் ஊட்டியைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் விடுமுறைக்கு எங்கே போனான் தெரியுமா? எண்ணூருக்கு! நீர் குடும்பத்தோடு இரண்டு நாள் போய்த் தங்கி எழுதும்" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோட்டையிலிருந்த துரைமார்கள் எண்ணூர்க் கழியோரமாகத் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு, கடல் காற்று வாங்கவும் படகு விடவும் மீன் சாப்பிடவும் வந்து போனார்கள். நாய்களையும் அழைத்து வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். துரை என்றால் பக்கத்தில் ஒரு நாய் இல்லாமலா? அவர்களை வாசலில் நிறுத்தி, "நாய்க்கு இடமில்லை" என்று சொல்ல யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்?

எங்களுக்கு வந்த தர்மசங்கடம் அந்த விஷயத்தில்தான்.

எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு ஜீவன் இருக்கிறது. பாமரேனியனுக்கும் தெரு நாய்க்கும் பிறந்தது. வயது பதினொன்று. ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அதைப் பக்கத்து வீட்டில் இரண்டு நாள் விட்டுப் போனோம். அந்த இரண்டு நாளும் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் அது தொடவில்லை. "இனிமேல் ஜிம்மி இல்லாமல் எங்கேயும் வரமாட்டேன்" என்று அன்றைக்கே என் பெண் மீனா பிரகடனம் செய்துவிட்டாள். எட்டு வயதுப் பெண்ணின் பிரகடனத்துக்கு வீட்டில் அப்பீல் கிடையாது.

திருவொற்றியூரில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சிறிய தங்கும் விடுதி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். எடுத்தவர் முதலாளி. அவர் இருப்பது நகரத்தின் வேறு மூலையில். நிபந்தனைகளை மடமடவென்று ஒப்பித்தார்: "மது கூடாது. அறையில் சமைக்கக்கூடாது. வளர்ப்புப் பிராணி கூடவே கூடாது. சம்மதமா?"

"சரி" என்றேன். அந்த வாய் என்னுடையதுதான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

என் மனைவி கொஞ்சம் சட்டம் பேசுவாள். "பிராணிகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறதே, நாய் வளர்க்கக் கூடாது என்று யாரும் தடுக்கக்கூடாதென்று!" என்றாள். வாரியம் சொன்னது உண்மைதான். ஆனால் அது குடியிருப்புச் சங்கங்களுக்குச் சொன்னது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் நாய் வளர்ப்பதைச் சங்கம் கூட்டம் போட்டுத் தடுக்க முடியாது. ஓர் இரவுக்கு வாடகை கொடுத்துப் படுக்க வருகிறவருக்கு அந்த உரிமையெல்லாம் இல்லை. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் பரண்மேல் ஏறி, சீர் வைத்துக்கொடுத்த பெரிய பிரம்புக் கூடையை இறக்கிவிட்டாள்.

ரயிலில் போகலாமா என்றும் விசாரித்தேன். முதல் வகுப்பில் கூடப் பிரயாணம் செய்பவர்கள் சம்மதித்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப் பெட்டிதான் கதி. இரண்டாம் வகுப்பில் கூடாது. சிறு குட்டியைக் கூடையில் வைத்துக் கட்டணம் கட்டினால் மட்டும் விடுவார்கள். பதினொரு வயதுக் கிழவனைக் குட்டி என்று சொல்ல எனக்கே நா எழவில்லை. 2021-லிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதிலும் பிராணிகளுக்கு இடமில்லை. கடைசியில் டாக்ஸிதான்.

கூடைக்குள் பழைய போர்வை, அதன்மேல் ஜிம்மி, மூடி, மூடிக்குமேல் ஒரு துண்டு. சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டும்போது மீனாவுக்குக் காட்டினேன். 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஆர்க்காட்டுப் பக்கம் கிளம்பியது இங்கிருந்துதான். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. வலது பக்கத்தில் துறைமுகத்துக் கன்டெய்னர்கள். 2020-ல் சீனத்திலிருந்து வந்த பொம்மைக் கன்டெய்னர் ஒன்றில் ஒரு பூனை இருந்த கதை வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கொரோனாப் பீதி மிகுந்த சமயம் அது. வந்த வழியே பூனையைத் திருப்பியனுப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். அது சீனத்துப் பூனைதான் என்பதற்கு என்ன ருசு, வழியில் ஏறியிருக்கலாமே என்றார்கள் பிராணி நலக்காரர்கள். வழக்கு இழுத்தது. முடிவில் பூனைக்கு விடுதலை கிடைத்தது. "அப்படியானால் ஜிம்மியும் ஜெயித்துவிடும்" என்றாள் மீனா.

காசிமேடு வந்தது. மீன் வாசனை வண்டிக்குள் புகுந்ததுதான் தாமதம், கூடை தானாக நகர ஆரம்பித்தது. டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"ஸார், கூடை நகருது."

"ரோடு மேடு பள்ளம்" என்றேன்.

"வண்டி சிக்னல்ல நிக்குது ஸார்."

ஆசனத்தைக் கழுவும் செலவுக்கென்று இருநூறு ரூபாய் பேசி முடித்தோம்.

விடுதியில் முதலாளி இல்லை. சாவிக் கொத்தோடு ஓர் ஆயா நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். சுவரில் பலகை, அதில் மூன்றாவது வரியாக நம்முடைய குற்றம். மற்ற மூட்டைகளையெல்லாம் விட்டுவிட்டு ஆயா நேரே கூடையிடம் வந்தார்.

"கனமா கீதே, நான் தூக்கறேன்."

என் மனைவியும் நானும் கல்லாய்ச் சமைந்து நின்றோம். அப்போது மீனா முன்னால் வந்து, "வேண்டாம் ஆயா! அதில் எங்க பாட்டி செய்த பட்சணம் இருக்கு. உடைஞ்சு போயிடும்" என்றாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்து அவளே கற்றுக்கொண்டது. ஆயா கூடையை விட்டு விலகினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதோடு ஏதோ ஒன்று சுருக்கென்றும் தைத்தது. இரண்டாவதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

வாசகர்களில் யாருக்காவது இப்படி ஒரு யோசனை இருந்தால் ஒன்று சொல்லி வைக்கிறேன். நாயை ஒளித்து வைத்த அறையைவிட்டு வீட்டார் எல்லோரும் ஒன்றாக வெளியே போக முடியாது. மனைவியும் பெண்ணும் கோயிலுக்குப் போய் வரும் வரை நான் காவல். நான் போகும்போது அவர்கள் காவல். விடுமுறையை ஷிப்டு போட்டு அனுபவித்தோம்.

தியாகராஜர் கோயிலில் ஒரு மகிழமரம் இருக்கிறது. அதன் கதையை முன்பே படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது. சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊரில் சங்கிலி நாச்சியாரை மணம் செய்துகொள்ள விரும்புகிறார். "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். திருவாரூருக்குத் திரும்ப வேண்டுமே! ஆகவே சுவாமியிடமே ரகசியமாகப் பேசுகிறார்: "நான் சந்நிதியில் சத்தியம் செய்ய வருவேன், அந்தச் சமயம் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும்." சுவாமி ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, நாச்சியாரின் கனவில் தோன்றி, "மகிழின் கீழ் சத்தியம் வாங்கிக்கொள்" என்றும் சொல்லிவிடுகிறார்! சுந்தரர் மாட்டிக்கொண்டார். சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் ஒன்றுமாகத் திரும்பி வந்தது. இறைவனின் தோழருக்கே இந்த ஊரில் தந்திரம் பலிக்கவில்லை. கூடையில் நாயைக் கொண்டுவந்த நான் எம்மாத்திரம்?

அங்கிருந்து கடலோரத்துப் பட்டினத்தார் சமாதிக்கும் நடந்தேன். அவருடைய சீடர் பத்திரகிரியார் ராஜ்யத்தையே துறந்தவர். ஒரு திருவோடும் ஒரு நாயும் மட்டும் வைத்திருந்தார். "அவர் சம்சாரி, அவரிடம் போய்க் கேள்" என்று பட்டினத்தார் பிச்சை கேட்டு வந்தவரை அவரிடம் அனுப்பினாராம். நாய் வைத்திருப்பவன் சம்சாரி! பட்டினத்தார் வாக்குக்கு நானே சாட்சி.

இரவு. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. ஜிம்மி அசையவில்லை. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதிற்று. அதற்கும் அசையவில்லை. இரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை நடந்து போயிற்று. அவ்வளவுதான்!

"லொள்!"

நான் உடனே பலமாக இருமினேன். "லொள், லொள்!" என் மனைவியும் இருமினாள். மீனா போர்வைக்குள்ளிருந்து இருமினாள். கால் மணி நேரம் அந்த அறையில் நாய் குரைத்ததா, மனிதர் இருமினார்களா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு தூங்கினோம்.

விடிந்ததும் கதவு தட்டும் சப்தம். ஆயா ஒரு கையில் காப்பிப் பாத்திரமும், இன்னொரு கையில் அலுமினியக் கிண்ணத்தில் பாலுமாக நின்றார்.

"இருமல் எப்டி கீது ஸார்?" என்றார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இது அதுக்கு."

கட்டிலடியிலிருந்து ஜிம்மி சாவதானமாக வெளியே வந்து பாலைக் குடித்தது. கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"நேத்தே தெரியும்மா. தூக்கலாம்னு வந்தேனே, பிரம்புச் சந்துல மூக்கு தெரிஞ்சுது."

"அப்போதே சொல்லியிருக்கலாமே!"

ஆயா மீனாவைப் பார்த்தார். "பாப்பா பட்சணம்னு சொல்லிச்சே, அப்ப அது மூஞ்சி செவந்து போச்சு. அத்த அந்த எடத்துல அசிங்கப்படுத்த வேணாம்னு வுட்டுட்டேன்."

மீனா தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். போன வருஷமும் ஒரு குடும்பம் நாயை ஒளித்துக் கொண்டுவந்து தங்கிப் போயிருக்கிறது. அடுத்து வந்தவர்களின் குழந்தைக்கு நாய் ரோமத்தால் மூச்சிரைப்பு. அவர்கள் முதலாளியிடம் சண்டை போட, முதலாளி புது மெத்தை வாங்கினார். மெத்தையின் விலை இரண்டு மாதம் ஆயாவின் சம்பளத்தில் பிடிபட்டது. பலகை அதற்கப்புறம் வந்தது.

"போர்டு மாட்டினது மொதலாளி. நீங்க அத்த மதிக்கலன்னா அவருக்கு இன்னா நஷ்டம்? பதில் சொல்றது நான்தானே?"

நாங்கள் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தது அந்த முகம் தெரியாத முதலாளியை. அவரை ஏமாற்றுவதில் ஒரு வேடிக்கைகூட இருந்தது. ஆயாவைப் பற்றி நாங்கள் மூவரும் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

"முதலாளிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"நல்லா கீதே! கூடையில நாய் வர்ற வரைக்கும் நீ இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு என்னைத்தான் கேப்பாரு. சொல்லாதீங்க. சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க, போதும்."

இரண்டாவது இரவுத் திட்டத்தைக் கைவிட்டோம். மெத்தையை மாடி வெயிலில் போட்டு நான் தட்டினேன். என் மனைவி விரிப்புகளைக் குழாயடியில் தன் கையாலேயே துவைத்தாள். ஒரு முனையை ஆயா பிடித்துக்கொள்ள, இருவருமாகப் பிழிந்தார்கள். மீனா ஈரத்துணியை வைத்துக்கொண்டு தரையில் ஒவ்வொரு ரோமமாகப் பொறுக்கினாள். பணம் கொடுத்தபோது ஆயா வாங்கவில்லை; பால் காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.

துணி காயும்வரை பேசிக்கொண்டிருந்தோம். ஆயாவின் ஊர் எண்ணூரில் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். அவர் வீட்டிலும் ஒரு நாய் உண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிக்குள் வந்ததல்லவா? படகு, வலை எல்லாம் கறுப்பு. கூழைக்கடா பறவைகள்கூட எண்ணெய் அப்பிய சிறகோடு நின்றதைப் பத்திரிகைகளில் பார்த்தோமே! மீன் பிடிக்க வேண்டிய ஜனங்கள் எண்ணெயை வழித்தெடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் நாயும் எண்ணெயில் விழுந்து வந்திருக்கிறது.

"நாலு நாளு தேங்கா எண்ணெய் தடவி, சோப்பு போட்டு, தடவி, சோப்பு போட்டு... பொயச்சிக்கிச்சு. இன்னும் தண்ணிகிட்ட போவாது" என்றார். "நீங்க எங்க ஊரு போங்க ஸார். அங்க நாயிக்கு யாரும் போர்டு வெக்கல."

பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். நான் எடுப்பதற்குள் ஆயாவே கூடையைத் தூக்கிக்கொண்டார். "நேத்து குடுக்கல, இன்னிக்காச்சும் தூக்கறேன்" என்று மீனாவிடம் சொல்லிவிட்டு, படியிறங்கி, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்து மூடியைச் சற்றே திறந்துவிட்டார். வந்தது அதே டாக்ஸிக்காரர். கூடையைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

துரைமார்களின் தோட்ட வீடுகளைத் தேடிக்கொண்டு நான் எண்ணூருக்குப் போயிருந்தால் ஏமாந்திருப்பேன். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நின்றால், எதிர்க்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். வடக்கே, 2001-ல் திறந்த துறைமுகத்தின் ராட்சத யந்திரங்கள். கழியின் ஓரமெல்லாம் சாம்பல் கலந்த சேறு. அதற்கு நடுவே சிறு படகுகளில் இறாலுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று மட்டும் துரைமார் வாங்கிய அதே காற்று. அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மீனா கூடையின் மூடியை முழுவதும் திறந்தாள். ஜிம்மி மணலில் கால் வைத்து, மூக்கைத் தூக்கி, நல்ல கண்ணாலும் புரை விழுந்த கண்ணாலும் கடலைப் பார்த்தது. பிறகு பதினொரு வயதையும் மறந்து ஓடிற்று. குப்பத்து நாய்கள் மூன்று எழுந்து வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது ஏதோ மாம்பலத்துப் பிராணி என்று தீர்மானித்தவைபோல மறுபடியும் படுத்துக்கொண்டன. இரண்டு நாளில் முதல் தடவையாக நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டியின் முறுக்கைச் சாப்பிட்டோம். ஆம், பட்சணம் நிஜமாகவே வேறொரு பையில் இருந்தது. ஆயாவுக்குக் கொடுக்க மறந்துவிட்டோம் என்று மீனாதான் சொன்னாள். திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தி, அவளே இறங்கி ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்கு முன்னால், முகத்துவாரத்தில் வண்டி ஏறும் சமயம், ஜிம்மியின் நான்கு கால்களும் முழங்கால்வரை கறுப்பு. டாக்ஸிக்காரர் அதைப் பார்த்தார். பிறகு ஆசனத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு இருநூறு ஸார்" என்றார்.