தரவையில் கிடந்த கேக் பெட்டி

மன்னார் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பெப்ரவரி 2 உலக ஈரநில தினம். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அதை முன்னிட்டு எங்கள் பிள்ளைகளைத் திருக்கேதீஸ்வரம் பக்கம் கூட்டிப் போனோம். இரண்டு தொலைநோக்கிகள், இருபத்தாறு பிள்ளைகள். வீதியோரத்தில் நின்றே பார்த்தோம். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரித் தெரிந்தது அசைந்த பிறகுதான் பூநாரைக் கூட்டம் என்று விளங்கியது. கிட்டவாக நெடுங்கால் உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் நின்றன.

ஒரு மகள் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, "டீச்சர், அந்த உள்ளானுக்குப் பக்கத்தில கிடக்கிறது உங்கட தங்கச்சிட கலியாணக் கேக் பெட்டிதானே? பேர் தெரியுது" என்றாள்.

உண்மைதான். வலீமா முடிந்த இரவு லஞ்ச் ஷீட், கப், மிச்சச் சோறு எல்லாவற்றையும் ஏழெட்டுப் பையில் கட்டி ஓட்டோவில் ஏற்றி, "எங்கேயாவது தரவையில் போட்டுட்டு வாங்க" என்று சொன்னது நாங்கள்தான்.

எங்கள் குடும்பம் 1990இல் புத்தளம் போனது. நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது இந்தத் தரவை எங்கள் கண்ணுக்கு வெறும் தரையாகவே பட்டது. கல்வியியற் கல்லூரியில் ஈரநிலம் என்ற பாடத்தைப் படித்துப் பரீட்சையும் எழுதினோம். ஆனாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

வங்காலை சரணாலயம் 4,800 ஹெக்டேயருக்கும் மேற்பட்டது. 2010இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மன்னாரில் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று 2021இல் ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து ரஷ்யாவின் வட துருவக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தப் பறவைகள் மாசி, பங்குனியில் இந்தச் சேற்றில்தான் தின்று சேர்க்கின்றன. நாங்கள் கொட்டும் சோற்றுக்கு நாய் வரும், காகம் வரும். நாய் துரத்தும் ஒவ்வொரு முறையும் பறவை தீனியை விட்டு எழும்பிப் பறக்கிறது. சேர்த்த கொழுப்பு அதிலேயே கரைகிறது. ஊர் போய்ச் சேரப் பிறகு எது மிஞ்சும்?

பிள்ளைகளுக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஓம், எங்கட பெட்டிதான்" என்றோம். கையுறை போட்டு, வீதியோரத்தில் எட்டின அளவு பொறுக்கினோம். பதினொரு பை நிறைந்தது. அந்தப் பெட்டி சேற்றுக்குள் கிடந்ததால் எடுக்க முடியவில்லை. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் நன்மை என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாங்கள். முள்ளைப் போட்டதும் நாங்களே என்பதுதான் வெட்கம்.

சிவராத்திரி வருகிறது. பாலாவிக்கு ஆயிரக்கணக்கில் அடியார்கள் வருவார்கள். அதற்குள் இன்னொரு தடவை துப்புரவு செய்ய யோசித்திருக்கிறோம். கோயில், பள்ளி, சேர்ச் என்று பாராமல் வாருங்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு, திருக்கேதீஸ்வரம் சந்தியில் நிற்போம். முதலில் பறவை பார்ப்போம், பிறகு குப்பை பொறுக்குவோம்.

வீட்டில் கலியாணம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குப்பையைப் பிரதேச சபை உழவு இயந்திரம் வரும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள். இரண்டு நாள் நாற்றம்தான். நாங்கள் அதைக்கூடப் பொறுக்கவில்லை.